பாதரட்சை

“ஆளை எடை போடுதவன் மூஞ்சியப் பாக்க மாட்டாம்லே. காலைத்தான் பாப்பான். பாத்துட்டு…”

பார்த்துவிட்டு என்ன செய்வான் என்பதையும் அப்பா சொல்வார். மாசிலாமணிக்கு அந்த மிச்சம் மறந்துபோயிற்று. அப்பா போலீஸ்காரர். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே அதைச் சொல்வார். பிரஷ் போகும்போது ஒரு சத்தம், வரும்போது ஒரு சத்தம். அந்த இரண்டு சத்தமும் காதில் இருக்கிறது. சொன்னதில்தான் ஒரு துண்டு காணாமல் போய்விட்டது.

இருந்த துண்டை வைத்துக்கொண்டே அவன் ஐம்பதை நெருங்கிவிட்டான்.

ஓடைக்கரை மடத்துக்கு வந்த அன்று பெரியவரிடம் அவன் கேட்டதும் அதிலிருந்து கிளைத்த கேள்விதான்.

“சாமி, ஒரு மனுஷன் பார்க்க லட்சணமா இருக்கணும்னு நினைக்கிறது அகங்காரமா?”

“உங்க பேரு?”

“மாசிலாமணி.”

“சுமக்கக் கஷ்டமான பேரு” என்றார் பெரியவர்.

பிறகு அவன் காலைப் பார்த்தார்.

கூடத்தில் எல்லோரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி மட்டும் கறுப்பு சாக்ஸ் போட்டிருந்தான்.

“அது?”

“தோல் இல்லையே சாமி. துணிதானே.”

“துணிதான்” என்று ஒப்புக்கொண்டு, அவர் உள்ளே திரும்பி மோர் கேட்டார்.

அவ்வளவுதான் பதில். மாசிலாமணிக்கு அப்போதே அந்த ஆள்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

பெரியவர் என்பது பட்டம். வயதில் மாசிலாமணியைவிடச் சின்னவர். தாடியில் பாதிகூட நரைக்கவில்லை. தோளில் கிடந்த காவித் துண்டில் ஓர் ஒட்டு இருந்தது. அந்த ஒட்டை மாசிலாமணி வெகுநேரம் பார்த்தான். தையல் நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது. ஒட்டுத் துணியின் நிறம் துண்டின் நிறத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. ஏழைத் துண்டுக்கு இவ்வளவு நேர்த்தி எதற்கு? யார் பார்க்க? துணிக்கடையில் முடி நரைத்தவன் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.

ஆம், அவனுக்குத் துணிக்கடையில்தான் வேலை. டவுனில் பெரிய கடை. அதில் ஃப்ளோர் மேனேஜர்.

காலையில் கடை திறக்குமுன் விற்பனைப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். மாசிலாமணி அடியிலிருந்து மேலாகப் பார்ப்பான். ஷூவில் தூசி இருந்தால் அதற்கு மேல் பார்க்க மாட்டான். போய்த் துடைத்துவிட்டு வா என்று ஒரு தலையசைப்பு. பிறகு நாள் முழுக்க வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடுவது அவன் வேலை. அந்த இடத்தில் நாற்காலி கிடையாது. நாற்காலி வேண்டும் என்கிறவனுக்கு அந்த இடம் கிடையாது.

ஒருமுறை, சேலைப் பிரிவில் இருந்தவர் காலில் கட்டோடும் ரப்பர் செருப்போடும் வந்து நின்றார். முதலாளி மாடியிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் துணி மூட்டை பிரித்துக்கொண்டிருக்கிறார். கால் எப்போதோ ஆறிவிட்டது. ஆள் இன்னும் கிட்டங்கியில்தான்.

மாசிலாமணியின் இடது காலில், பெருவிரலுக்கு அடியில், உள்ளங்காலில் ஒரு புண் இருந்தது.

அது ஆறவில்லை.

அது தனக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சுகர் பார்க்கிற டாக்டர். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எலும்புக்குப் போய்விட்டது, பெருவிரலை எடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்றார். தள்ளிப் போட்டால் விரலோடு நிற்காது, பாதத்தையும் எடுக்க வேண்டிவரும் என்றார்.

சொன்ன வேகம் மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை. குனிந்து டாக்டரின் ஷூவைப் பார்த்தான். முனை வெளுத்து, நாடா அவிழ்ந்து கிடந்தது. தன் காலைப் பார்க்கத் தெரியாதவர் என் காலைப் பார்த்து என்ன சொல்லிவிடப் போகிறார் என்று எழுந்து வந்துவிட்டான்.

மனைவி மங்கையர்க்கரசியிடம் சொல்லவில்லை. மனசு சரியில்லை, மடத்தில் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றான். அவள் சரி என்றாள். எந்த மடம், என்ன மனசு என்று ஒரு கேள்வி இல்லை. வெறும் சரி. பஸ் ஏறிய பிறகு அந்தச் சரியும் அவனை அரித்தது.

மடத்துக்கு அவன் வந்தது மனசுக்காக இல்லை. பெரியவர் திருநீறு கொடுத்து யாருக்கோ ஆறாத புண் ஆறியதாகக் கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். மாசிலாமணி அதை நம்பவில்லை. ஆனாலும் விரலும் போகாமல், வெளியிலும் தெரியாமல் ஒரு வழி இருக்குமானால் விட்டுவிட மனமில்லை. அதற்குப் புண்ணைக் காட்ட வேண்டும்.

காட்டாமலே கிடைக்குமா என்று பார்க்க வந்திருந்தான்.

மடத்து வாசலில் ஒரு நீளப் பலகை கிடந்தது. அதன்மேலும் கீழும் செருப்புகள். ஜோடி சேராத ரப்பர், வார் அறுந்து சணல் கட்டியது, டயர் செருப்பு, எல்லாம் ஒரே குவியல்.

“இதுல போடுங்க தம்பி” என்றார் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். மாசிலாமணி தன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குவியலைப் பார்த்தான். பிறகு பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டிக்கு மறைவில் அதை வைத்து, செய்தித்தாள் போட்டு மூடினான்.

சாயங்காலம் குழாயடியில் உட்கார்ந்து பாலிஷ் போட்டான். டப்பா, பிரஷ், பழைய பனியன் துணி. முனைக்கு மட்டும் இரண்டு சொட்டு எச்சில். அப்பா கற்றுக்கொடுத்தது. எச்சில் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் வருகிற பளபளப்பு தண்ணீரில் வராது.

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார்.

“இதுல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம் போலுக்கே.”

மாசிலாமணிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அடுத்த வட்டத்துக்கு எச்சில் தொட்டான். ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டுச் சிவசிவா என்று நகர்ந்துபோனார்.

மறுநாள் காலையில் தொட்டிக்குப் பின்னால் ஷூ இல்லை.

வாசல் பலகைக் குவியலில் கிடந்தது. ஓரமெல்லாம் செம்மண். முனையில் சாணி. மூடியிருந்த செய்தித்தாளை யாரோ நாலாக மடித்து, பறக்காமல் கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த மரியாதைதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏகாம்பரத்தைப் பிடித்தான். அவர் நிதானமாக விளக்கினார். இந்த மடத்துக் கிரமம் அது. பெரியவருக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே வழக்கம். மாட்டுத்தொழுவத்துக்கோ தோட்டத்துக்கோ போகிறவர் காலுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவார், வந்ததும் பலகையில் விடுவார்.

“யாருது எதுன்னு இங்கன எவரும் கேக்கதில்ல தம்பி.”

“நான் கேக்கேன் அண்ணாச்சி.”

“கேளுங்க” என்றார் ஏகாம்பரம். “பதில் சொல்லத்தான் ஆள் கெடையாது.”

அன்று பந்தியில் மாசிலாமணி இலையைப் பார்க்கவில்லை. எதிர்வரிசையில் சம்மணமிட்டவர்களின் பாதங்களைப் பார்த்தான். எல்லாம் வெடித்த குதிகால்கள். ஏகாம்பரத்தின் பாதம் முறம் மாதிரி அகலம், அது தன் ஷூவுக்குள் போகாது. பால்காரர் கால் சின்னது. சாம்பார் ஊற்றிய அம்மாள் மெட்டி போட்டிருந்தாள், அவளையும் அவன் சந்தேகத்திலிருந்து விலக்கவில்லை.

எதிர்வரிசையும் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும் சாக்ஸ் போடுகிற மனிதரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

சாக்ஸை அவன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் மாற்றுவான். துவைத்து அறைக்குள்ளேயே கட்டில் காலில் காயப்போடுவான். புண்ணை அவனும் பார்ப்பதில்லை. பஞ்சை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்துவிடுவான்.

மத்தியானம் ஏகாம்பரம் அறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

“உள்ள எலி எதும் செத்துக் கெடக்கா தம்பி?”

பார்க்கிறேன் என்றான் மாசிலாமணி. கடைத்தெருவிலிருந்து யாரோ வாங்கிவந்து வைத்திருந்த ஊதுபத்திக் கட்டைப் பூஜை மாடத்திலிருந்து எடுத்துவந்து, கைக்கு வந்த அளவு கொளுத்தினான். இந்த ஆள் வேண்டுமென்றே கேட்டாரா? எலி என்று ஏன் சொன்னார்? யார் சொல்லி வந்தார்?

மங்கை போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்றாள். பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்டது. அவளும் எதையோ மோந்து பார்ப்பதுபோல இருந்தது. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டான்.

ஷூவை இந்தமுறை விறகுக் கொட்டடியில் ஒளித்தான்.

விடிந்ததும் பலகைக் குவியலில் கிடந்தது. சாணியோடு.

மறைந்திருந்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று யோசித்தான். ஆனால் காவல் காக்க வெளியே போக வேண்டும். வெளியே போகக் காலுக்கு ஷூ வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அதையே எப்படிக் காவல் காப்பது?

அப்போதுதான் வேறு வழி தோன்றியது. அன்று சாயங்காலம் வெளிப்பக்கத்தை அவன் தொடவில்லை. குதிகால் உரசுகிற உள்விளிம்பில் சுற்றிலும் கறுப்பு பாலிஷைத் தாராளமாக அப்பினான். தேய்க்கவில்லை, அப்படியே பச்சையாக விட்டான். மடத்துக்குள் வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் கால் கழுவுவார்கள். கழுவட்டும். மெழுகு தண்ணீருக்குப் போகாது.

காலையில் கூடத்தில் வணக்கம்.

பெரியவர் மணைப்பலகையில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராகப் போய் விழுந்து, அவர் பாதத்தைத் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்வார்கள். மாசிலாமணி கடைசியில் நின்றான். ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். யார் காலிலும் கறுப்பு இல்லை.

ஏகாம்பரம் விழுந்து எழுந்தார்.

அவர் இரண்டு இமையிலும் கறுப்பு. நெற்றியில் ஓர் இழுப்பு.

அடுத்த அம்மாளுக்கும் அப்படியே. அவளுக்கு அடுத்தவருக்கும்.

ஏகாம்பரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பக்கத்து நெற்றியைப் பார்த்தார்.

“ரட்சை” என்றார்.

ஹோமம் முடிந்ததும் நெய்யும் சாம்பலும் குழைத்து நெற்றியில் இடுகிற கறுப்புக்கு ரட்சை என்று பேர். காப்பு. ஓடைக்கரை மடத்தில் ஹோமம் செய்கிற வழக்கம் இல்லை. ஏகாம்பரத்துக்கு அதில் நெடுநாள் குறை. இப்போது ஹோமகுண்டம் இல்லாமல், புகை இல்லாமல், பெரியவர் பாதத்திலிருந்தே ரட்சை வந்துவிட்டது.

கூடம் கலகலத்தது. வெளியே போனவர்கள் திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள். ஒருத்தி தூளியிலிருந்த கைக்குழந்தையை எடுத்துவந்து அதன் நெற்றியிலும் ஒற்றினாள். பெரியவர் ஒன்றும் புரியாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்லது புரியாததுபோல உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி இரண்டாவதைத்தான் நம்பினான்.

அவன் முறை வந்தது. அவன் விழவில்லை.

“சாமி, இது ரட்சை இல்ல. ஷூ பாலிஷ்.”

கூடம் அவன் பக்கம் திரும்பியது.

“என் ஷூவோட உள்ள நான்தான் தடவி வச்சேன். எவன் எடுக்கான்னு பார்க்க.”

ஏகாம்பரம் நெற்றியைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

பெரியவர் தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“ரட்சைதான்” என்றார். “பாதரட்சை.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. கைக்குழந்தைக்காரிகூடச் சிரித்தாள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. மாசிலாமணியும் சிரிக்கவில்லை.

“சிரிச்சு மழுப்ப வேண்டாம் சாமி. அடுத்தவன் பொருளைக் கேக்காம எடுத்தா, எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு.”

ஏகாம்பரம் ஓரடி முன்னால் வந்தார். பெரியவர் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். கஞ்சி ஆறுகிறது, எல்லோரும் போங்கள் என்றார் பெரியவர். போனார்கள். ஏகாம்பரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கூடத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

“உங்க புகார் நியாயம்தான்” என்றார் பெரியவர். “எனக்கும் ஒரு புகார் இருக்கு.”

“என்ன?”

“இடது செருப்பு குத்துது.”

அவர் இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் வைத்து உள்ளங்காலைக் காட்டினார்.

பெருவிரலுக்கு அடியில் சிவப்பாகச் சில புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில்.

அதே கால். அதே இடம். இது தற்செயல் இல்லை. அறைக் கதவில் ஓட்டை இருக்கிறதா? டாக்டர் யாரிடமாவது சொன்னாரா? மங்கைக்குத் தெரிந்து, அவள் இங்கே போன் போட்டுப் பேசிவிட்டாளா? எல்லாம் கூடிப் பேசி, இவர் எதையோ எடுத்துத் தன் காலில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா?

“தோட்டத்துல முள்ளு குத்தியிருக்கும்” என்றான்.

“முள்ளு நாளுக்கு ஒரு இடத்துல குத்தும்.”

மாசிலாமணி வெளியே போனான். பலகையில் தன் இடது ஷூவைத் தேடி எடுத்தான். உட்கார்ந்தான்.

அதன் வெளிப்புறத்தில் அவன் கை படாத இடம் கிடையாது. தையலுக்கு இடையில் இருக்கிற பள்ளத்துக்கென்று தீக்குச்சியில் பஞ்சு சுற்றி வைத்திருந்தான். உள்ளே கையை விட்டது அன்றுதான்.

விரல்கள் ஈரமான தோலைத் தடவிக்கொண்டே முன்னால் போயின. பெருவிரல் அழுந்துகிற பள்ளத்தில் சுரீர் என்றது. கையை உதறி வெளியே எடுத்தான். நடுவிரல் நுனியில் ரத்தம் பொட்டாக நின்றது.

வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து உள்ளே பார்த்தான். அடித்தோல் மாற்றியபோது அடித்த ஆணி. தோல் தேயத் தேய மேலே எழும்பி நின்றது. அதைச் சுற்றிக் கறை. ஒரு நாளைய கறை இல்லை. காய்ந்ததன்மேல் காய்ந்து, ஓரங்கள் வளையம் வளையமாக, அட்டைபோலக் கெட்டியாகிவிட்ட கறை.

அடித்தோல் மாற்றியது போன தீபாவளிக்கு முன்னால்.

டாக்டர் அன்று அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நரம்புபோல ஒன்றை எடுத்து உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். மாசிலாமணி இமையை மயிரிழை திறந்து, அவர் கை போவதைப் பார்த்துப் பார்த்து, தெரியுது, தெரியுது என்றான்.

அவன் உள்ளே திரும்பி வந்தான். பெரியவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இருக்கா?”

“இருக்கு.”

நின்றுகொண்டே யோசித்தான். ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

“முதல் நாளே குத்தியிருக்குமே. பிறகு எதுக்கு மறுநாளும் எடுத்துப் போட்டீங்க? அங்க வேற செருப்பா இல்ல?”

“நீங்க தினமும் போட்டுக்கிட்டு நடக்கீங்களே” என்றார் பெரியவர். “போகப் போகப் பழகிடும்போலன்னு பார்த்தேன்.”

புள்ளிகள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவர் முகம் கோணியது.

“பழகல” என்றார். “வலிக்குது.”

மறைக்காமல், கூச்சப்படாமல், பல் வலிக்கிறவர் பல் வலிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு முதன்முறையாக மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கு?”

வலிக்குது என்ற சொல் மாசிலாமணியின் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. டாக்டரிடம் வந்த மாதிரியே வந்தது. அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

“இல்ல சாமி” என்றான்.

பெரியவர் தலையசைத்தார். கஞ்சி குடிக்க எழுந்து போனார். இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தார்.

மாசிலாமணி கூடத்திலேயே தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினான். இடது சாக்ஸ் புண்ணோடு ஒட்டியிருந்தது. இழுத்தான். பிய்ந்துகொண்டு வந்தது. அதுவும் தெரியவில்லை. காலைத் திருப்பி, வெளிச்சம் பார்க்க வைத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தான்.

சண்டைக்கென்றே திரும்பி வந்த ஏகாம்பரம் வாசல் நிலையில் நின்றுவிட்டார். நெற்றியில் கறுப்பு அப்படியே இருந்தது. அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. எலியைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே போய்ச் செம்பில் வெந்நீரும், ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாசிலாமணி போனை எடுத்தான். மங்கை உடனே எடுத்துவிட்டாள்.

“மங்கை. என் காலு…”

“தெரியுங்க.”

“யார் சொன்னா?”

“யாரு சொல்லணும்? சாக்ஸைத் துவைக்கிறது நான்தானே.”

அவன் கழற்றிப்போட்ட சாக்ஸைப் பார்த்தான்.

“அப்போ ஏன் கேக்கல நீ?”

“கேட்டா என்ன செய்வீங்க? பாலிஷ் டப்பாவை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடுவீங்க. எக்ஸ்ரே கவரையும் பாத்துட்டேன். எத்தனை விரலை எடுக்கணுமாம்?”

ஒன்று என்றான். பெருவிரல். வாசலில் இனி நிற்க விட மாட்டார்கள், கிட்டங்கிக்குத்தான் அனுப்புவார்கள் என்றான். கிட்டங்கியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே என்றாள் அவள்.

திங்கட்கிழமைக்குக் காத்திராமல் அடுத்த பஸ்ஸிலேயே போய், அவளையும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொல்லி, விரலை எடுத்துவிடுவது என்று மாசிலாமணி முடிவு செய்தான்.